காஸி நீர்மூழ்கியின் முடிவு: இருந்ததிலேயே வயதான கப்பலை அவ்வளவு தொலைவுக்கு அனுப்பியது ஏன்?

கேள்வி: அலைவாய்க்கரை

சென்ற மாதம் விசாகப்பட்டினத்துக்குச் சென்றிருந்தபோது, ராமகிருஷ்ணா கடற்கரையில் கரையேற்றி அருங்காட்சியகமாக நிறுத்தப்பட்டிருக்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலின் உள்ளே ஏறிப் பார்த்தேன். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வட்டமான இரும்புத் துவாரத்தின் வழியே ஒரு காலை முதலில் நீட்டி, தலையைக் குனிந்து, பிறகு உடம்பை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்படி ஒரு குழாய்க்குள் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் வாரக்கணக்கில் எப்படி இருந்தார்கள் என்ற திகைப்புடன் வெளியே வந்தபோது, எங்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த பெரியவர் கடலைக் கைகாட்டி, "1971-இல் பாகிஸ்தானின் காஸி மூழ்கியது இதோ இந்தப் பக்கம்தான், நம் ராஜ்புத் கப்பல்தான் அதை மூழ்கடித்தது" என்றார். என் பின்னால் நின்றிருந்த ஒருவர், "அது தானாகவே வெடித்தது என்றுதான் நான் படித்திருக்கிறேன்" என்று மெல்லச் சொன்னார். இருவரும் அதற்கு மேல் பேசவில்லை. எனக்குத்தான் அன்றிரவு முழுவதும் அது மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

வீடு திரும்பித் தேடியபோது தெரிந்துகொண்டது, காஸி என்பது அமெரிக்கக் கடற்படை ஏறத்தாழ இருபது ஆண்டு பயன்படுத்திவிட்டுக் கொடுத்த கப்பல் என்பதும், அந்தப் போர் நடந்த காலத்தில் பாகிஸ்தானிடம் பிரான்சிலிருந்து வாங்கிய புத்தம் புதிய நீர்மூழ்கிகள் மூன்று இருந்தன என்பதும்தான். அப்படியானால் கைவசம் இருந்ததிலேயே பழைய கப்பலை ஏன் மிகத் தொலைவான, மிக ஆபத்தான வேலைக்கு அனுப்பினார்கள்? அதன் வயதும் பழைமையும் அதன் முடிவில் பங்கு வகித்தனவா? யார் மூழ்கடித்தது என்ற கேள்விக்கு இன்றுவரை ஒரே பதில் இல்லாமல் இருப்பது ஏன்? இத்துறையை அறிந்த பெரியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: நங்கூரம்

தங்கள் முதல் கேள்விக்கு விடை அந்தக் கப்பலின் வரலாற்றிலேயே இருக்கிறது என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டியாப்லோ என்ற பெயரில் அந்த நீர்மூழ்கியின் கட்டுமானம் 1944 ஆகஸ்டில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் தொடங்கியது. போர்க்கால அவசரம் எப்படிப்பட்டது என்பதற்கு, அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதியே அது நீரில் இறக்கப்பட்டுவிட்டதும், 1945 மார்ச் 31-இல் பணியில் சேர்க்கப்பட்டதும் சான்று. டென்ச் வகுப்பைச் சேர்ந்த அது ஏறத்தாழ 95 மீட்டர் நீளமும், நீருக்கு மேல் மிதக்கும்போது 1,570 டன் எடையும், முன்புறம் ஆறும் பின்புறம் நான்குமாகப் பத்து டார்பிடோ குழாய்களும் கொண்டது. பசிபிக் பெருங்கடலில் ஜப்பானியக் கப்பல்களை வேட்டையாடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட வகை அது. ஹவாயிலிருந்து புறப்பட்டு, ஜப்பானியக் கரை வரை சென்று, அங்கே வாரக்கணக்கில் சுற்றிவிட்டு, வழியில் எரிபொருள் பெரிதாக நிரப்பாமல் திரும்ப வேண்டும் என்பதுதான் அந்த வடிவமைப்பின் அடிப்படைத் தேவை. எனவே நீருக்கு மேல் மிதமான வேகத்தில் சென்றால் 11,000 கடல் மைல் செல்லும் ஆற்றல் அதற்கு இருந்தது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் இதுவே திறவுகோல்.

டியாப்லோவுக்குப் போரில் சுட வாய்ப்பே கிடைக்கவில்லை. 1945 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பேர்ல் ஹார்பரிலிருந்து முதல் போர்ப் பயணத்துக்குப் புறப்பட்டது. அது போய்ச் சேர்வதற்குள் ஜப்பான் சரணடைந்துவிட்டது. அதன் பிறகு அட்லாண்டிக் பகுதியிலும் கரீபியன் கடலிலும் பயிற்சிகளிலேயே காலம் கழிந்தது. இடையில், நீருக்கடியிலிருந்தே காற்றை இழுத்து டீசலை ஓட்ட உதவும் ஸ்நோர்க்கல் குழாய் பொருத்தப்பட்டு, மேல்தளம் சற்று நவீனப்படுத்தப்பட்டது. 1964 ஜூன் 1-ஆம் தேதி அமெரிக்கக் கொடி இறக்கப்பட்டு, அன்றைய தினமே பாகிஸ்தான் கொடி ஏற்றப்பட்டது. சாத்தான் என்ற பொருளுடைய பெயரோடு பிறந்த கப்பல், புனிதப் போர் புரிபவன் என்ற பொருளுடைய பெயரைத் தாங்கிக் கராச்சிக்கு வந்தது. பெயரிட்டவர்கள் இந்த முரணை எண்ணிப் பார்த்தார்களோ இல்லையோ, எனக்கு அது எப்போதும் நினைவுக்கு வரும். அது விற்பனையாக இல்லாமல், இராணுவ உதவித் திட்டத்தின் கீழ்க் குத்தகையாகவே கொடுக்கப்பட்டது. தெற்காசியாவில் எந்த நாட்டுக் கடற்படையிலும் அதற்கு முன் நீர்மூழ்கி இல்லை. இந்தியாவின் முதல் நீர்மூழ்கியான கல்வரி 1967 டிசம்பரில்தான் பணியில் சேர்ந்தது.

அதனால் 1965 போரில் இந்தப் பகுதியின் ஒரே நீர்மூழ்கி காஸிதான். அந்த ஒற்றைக் கப்பல் பம்பாய்க்கு அப்பால் சுற்றுகிறது என்ற எண்ணமே ஒரு முழுக் கடற்படையின் அசைவுகளைக் கட்டுப்படுத்தப் போதுமானதாக இருந்தது. செப்டம்பர் 22-ஆம் தேதி அது டார்பிடோக்களை ஏவியது. பிரம்மபுத்ரா என்ற போர்க்கப்பலை மூழ்கடித்துவிட்டதாகப் பாகிஸ்தான் தரப்பில் அறிவிப்பும் வந்தது. ஆனால் பிரம்மபுத்ராவுக்கு ஒரு கீறலும் விழவில்லை. வெளிநாட்டுச் செய்தியாளர்களை அழைத்துக் கப்பலைக் காட்டிய பிறகும் அந்தக் கதை சில ஆண்டு உலவியது.

அந்தப் போரைக் காரணம் காட்டி அமெரிக்கா இராணுவ உதவியை நிறுத்தியதும், குத்தகைக் கப்பலின் உண்மையான விலை தெரியத் தொடங்கியது. உதிரிப் பாகம் கிடைக்காத நிலையில், அதே வகை அமெரிக்க நீர்மூழ்கிகளை வைத்திருந்த துருக்கியின் கோல்ஜுக் தளத்துக்கு அதைப் பழுதுபார்க்க அனுப்பினார்கள். சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்ததால் ஆப்பிரிக்காக் கண்டத்தையே சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. 1970 ஏப்ரலில் கராச்சிக்குத் திரும்பியபோது கடற்கண்ணி வெடிகளை இடும் வசதியும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது.

இப்போது 1971-க்கு வருவோம். இந்தியாவின் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவில் நின்றால் கிழக்குப் பாகிஸ்தானின் துறைமுகங்கள் அனைத்தும் முடங்கும் என்பது கராச்சியில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதைத் தடுக்க வேண்டுமானால் ஒரு நீர்மூழ்கி கராச்சியில் புறப்பட்டு, தீபகற்பத்தையும் இலங்கையையும் சுற்றி, இரண்டாயிரம் கடல் மைலுக்கும் மேல் பயணம் செய்து, அங்கே வாரக்கணக்கில் காத்திருந்து, மீண்டும் அதே தொலைவு திரும்ப வேண்டும். பிரெஞ்சு டாப்னே வகுப்பு நீர்மூழ்கிகளான ஹாங்கோர், ஷுஷுக், மாங்ரோ மூன்றும் நவீனமானவைதான். ஆனால் உருவத்தில் சிறியவை, அவ்வளவு நீண்ட பயணத்துக்கு வடிவமைக்கப்படாதவை. கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங் துறைமுகத்தில் நீர்மூழ்கியைப் பராமரிக்க வசதி ஏதும் இல்லை. ஆக, பசிபிக் கடலின் தூரங்களை மனத்தில் கொண்டு 1944-இல் கட்டப்பட்ட கிழட்டுக் கப்பல் ஒன்றுதான் வங்காள விரிகுடாவுக்குப் போய்வரக் கூடியதாக இருந்தது. பழையதாயிற்றே என்று தெரிந்தும் அனுப்பினார்கள் என்பதைவிட, அந்தப் பழைய வடிவமைப்பு இருந்ததால்தான் அனுப்ப முடிந்தது என்பதே சரி. 1971 நவம்பர் 14-ஆம் தேதி, கமாண்டர் ஜாபர் முகம்மது கானின் தலைமையில், தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுடன் அது கராச்சியை விட்டுப் புறப்பட்டது.

ஹாங்கோர் மேற்குக் கடலில் டிசம்பர் 9-ஆம் தேதி நம் போர்க்கப்பலான குக்ரியை மூழ்கடித்தது. புதிய கப்பலைக் கைக்கு எட்டிய தொலைவிலும், பழைய கப்பலை எட்டாத தொலைவிலும் பயன்படுத்தினார்கள் என்று சுருக்கமாகப் புரிந்துகொள்ளலாம்.

பதில்: பழைய டீசல்

நான் கடற்படையில் இருந்தவன் அல்லன். வணிகக் கப்பல்களில் என்ஜின் அறையில் முப்பது ஆண்டு உழைத்துவிட்டு ஓய்வு பெற்றவன். எனவே அரசியலை விட்டுவிட்டு, இயந்திரம் பற்றி மட்டும் சொல்கிறேன். வயதுக்கும் முடிவுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு என்ஜின் அறையிலிருந்துதான் விடை தேட வேண்டும்.

அக்கால நீர்மூழ்கியை நாம் பெரும்பாலும் நீருக்கடியிலேயே வாழும் கப்பல் என்று கற்பனை செய்கிறோம். உண்மையில் அது அவ்வப்போது மூழ்கக்கூடிய ஒரு மேற்பரப்புக் கப்பல். நீருக்கடியில் டீசல் என்ஜினை ஓட்டக் காற்று கிடையாது என்பதால், மூழ்கியிருக்கும் நேரமெல்லாம் பேட்டரியில்தான் ஓட வேண்டும். இவ்வகை அமெரிக்கக் கப்பல்களில் இரண்டு பெரிய அறைகளில் மொத்தம் 252 ஈய அமிலக் கலங்கள் இருந்தன. ஒவ்வொரு கலமும் ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றே குறைவான, பல நூறு கிலோ எடையுள்ள பெட்டி. இரண்டு நாட் (மணிக்கு இரண்டு கடல் மைல்) வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தால் 48 மணி நேரம் மூழ்கியிருக்கலாம். வேகம் கூட்டினால் சில மணி நேரத்திலேயே பேட்டரி தீர்ந்துவிடும். பிறகு இரவில் மேலே வந்தோ, ஸ்நோர்க்கல் குழாயை நீட்டியோ டீசலை ஓட்டிப் பேட்டரியை நிரப்பியே ஆக வேண்டும்.

நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சார்ஜ் முடியும் தறுவாயில் அமிலத்தில் குமிழி குமிழியாக வாயு கிளம்பும். அது ஹைட்ரஜன். வீட்டில் ஒரு பேட்டரி, ஜன்னல் திறந்திருக்கும், கவலையில்லை. 252 பெரிய கலங்கள், மூடிய இரும்புக் குழாய், மேலே சாப்பாட்டு மேசையும் படுக்கையும். காற்றில் ஹைட்ரஜன் நூற்றுக்கு நான்கு பங்கைத் தாண்டிவிட்டால் ஒரு சுவிட்சின் பொறி போதும். இதற்காகவே ஒவ்வொரு கலத்திலிருந்தும் வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் காற்றுக் குழாய்களும், அளவைக் காட்டும் கருவிகளும் வைத்திருப்பார்கள். கலங்களுக்கு வயதாகும்போது வாயு அதிகமாகக் கிளம்பும். காற்றுக் குழாய்களின் விசிறிகள் தேயும். அளவுக் கருவி பொய் சொல்லத் தொடங்கும். இம்மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தால் பழி எதிரியின் மேல் விழ வேண்டிய அவசியமே இல்லை.

காஸி புறப்பட்டு மூன்று வாரமாகிவிட்டது. விசாகப்பட்டினத் துறைமுக வாயிலுக்கு எதிரே ஆழம் குறைந்த கடலில், பகலில் மூழ்கியும் இரவில் மட்டும் தலைகாட்டியும் அது காத்திருந்திருக்கும். எதிரியின் கண்ணில் படக்கூடாது என்று மூழ்கியிருக்கும் நேரத்தை நீட்டினால், பேட்டரி முழுவதும் வடிந்து, அதை நிரப்பும் நேரமும் அதிகமாகும். நான் அந்தக் கப்பலில் இருந்திருந்தால், ராஜ்புத்தைவிட அந்தச் சார்ஜிங் பலகையைப் பார்த்துத்தான் பயந்திருப்பேன்.

ஆனால் ஒரு நேர்மையான எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். முதலில் சிதைந்தது முன்பகுதிதான் என்று முக்குளிப்பாளர்கள் கண்டதாகப் பதிவாகியுள்ளது. முன்பக்கத்தில் இருப்பது டார்பிடோ அறை. அதை ஒட்டினாற்போல் பின்னால் அதிகாரிகளின் அறைகளுக்குக் கீழே முன் பேட்டரி. கடற்கண்ணிகளும் டார்பிடோ குழாய் வழியாகத்தான் வெளியே தள்ளப்படும் என்பதால், அவையும் அதே அறையில்தான் இருந்திருக்க வேண்டும். எனவே முன்பக்கம் வெடித்தது என்ற ஒரே செய்தியை வைத்துக்கொண்டு ஹைட்ரஜனா, சொந்தக் கண்ணியா, வெளியிலிருந்து வந்த குண்டின் அதிர்ச்சியில் உள்ளிருந்த டார்பிடோ வெடித்ததா என்று பிரிக்க இயலாது. தகடுகள் வெளிப்புறமாக வளைந்திருந்தன என்று சொல்வோர், வெடிப்பு உள்ளிருந்து வந்ததற்கு அதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது உள்ளே வெடித்தது என்பதைக் காட்டும். உள்ளே வெடிக்க வைத்தது எது என்பதைக் காட்டாது.

நீங்கள் குர்சுராவில் பார்த்த அந்த வட்டத் துவாரங்களை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அது சோவியத் கப்பல். ஏறத்தாழ 91 மீட்டர் நீளம். அதிலும் முன்னே ஆறு, பின்னே நான்கு டார்பிடோ குழாய்கள். காஸியின் அளவுக்கும் அமைப்புக்கும் மிக நெருக்கமானது. முன் அறையில் வெடித்தால், அந்தத் துவாரத்தை மூடி நெம்புகோலைத் திருப்ப எத்தனை நொடி இருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

பதில்: தந்திக்கம்பி

மேலே இருவரும் எழுதியதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. ஆனால் ராஜ்புத்தின் பங்கை இவ்வளவு எளிதாக ஓரங்கட்டிவிட முடியாது என்பதற்காகவும், காஸியை அந்த இடத்துக்கு வரவழைத்த ஏமாற்று வேலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதற்காகவும் எழுதுகிறேன்.

அப்போது கிழக்குக் கடற்படைத் தலைவராக இருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல் இருந்ததால் அது முழு வேகத்தில் ஓட முடியாது என்பதும், வேகமில்லாத விமானந்தாங்கி நீர்மூழ்கிக்கு எளிதான இரை என்பதும் அவருடைய பெரிய கவலை. இந்நிலையில் கராச்சியிலிருந்து சிட்டகாங்குக்குச் சென்ற ஒரு செய்தி இடைமறிக்கப்பட்டது. அதில் ஒரு குறிப்பிட்ட வகை மசகு எண்ணெய் பற்றி விசாரித்திருந்தார்கள். அவ்வகை எண்ணெய் நீர்மூழ்கிகளுக்கும் கடற்கண்ணிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பல்களுக்கும் மட்டுமே பயன்படுவது. பாகிஸ்தானிடம் இருந்தவற்றில் வங்காள விரிகுடாவுக்கு வரக்கூடிய நீர்மூழ்கி ஒன்றே ஒன்று என்பதால், காஸி வருகிறது என்று கிருஷ்ணன் முடிவு கட்டினார். எண்ணெய் டப்பாவைப் பற்றிய ஒரு விசாரணை ஒரு கப்பலைக் காட்டிக் கொடுத்தது என்பது, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

விக்ராந்தை அந்தமானில் ஒரு மறைவிடத்துக்கு அனுப்பிவிட்டு, அது விசாகப்பட்டினத்துக்கு அருகில் இருப்பதாக எதிரியை நம்ப வைக்க ராஜ்புத் பயன்படுத்தப்பட்டது. கரையிலிருந்து 160 மைல் தொலைவில் நின்று, ஒரு பெரிய கப்பல் அனுப்பும் அளவுக்கு வானொலிச் செய்திகளை அது அனுப்பிக்கொண்டிருந்தது. தன் தாயாரின் உடல்நிலையை விசாரித்து ஒரு மாலுமி அனுப்புவதுபோல, ரகசியக் குறியீடு இல்லாத சாதாரணத் தந்தி ஒன்றும் வேண்டுமென்றே அனுப்பப்பட்டது. கரையில், ஒரு பெரிய கப்பல் வரப்போகிறது என்று தோன்றும்படி அளவுக்கு மீறி இறைச்சியும் காய்கறியும் வாங்க ஏற்பாடு நடந்தது. சந்தையில் நாலு பேர் பேசினால் நாலாவது ஆள் ஒற்றனாக இருப்பான் என்ற கணக்கு.

டிசம்பர் 3-ஆம் தேதி மாலை பாகிஸ்தான் விமானங்கள் மேற்கே தாக்கிப் போர் தொடங்கிய இரவு, விசாகப்பட்டினத்தில் எண்ணெய் நிரப்பிக்கொண்ட ராஜ்புத் நள்ளிரவை ஒட்டித் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. வழிகாட்டு விளக்குகள் அணைக்கப்படும் என்று கிருஷ்ணன் சொல்லியிருந்தார். துறைமுக வாயிலைத் தாண்டியதும், வெளியே நீர்மூழ்கி காத்திருந்தால் மெதுவாகச் செல்லும் கப்பல் தப்பாது என்று எண்ணிய அதன் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங், வேகத்தைக் கூட்டினார். வலப்புறத்தில் நீர் கலங்குவதைக் காவலில் நின்றவர் பார்த்துச் சொல்ல, கப்பலைத் திருப்பி அந்த இடத்தில் இரண்டு ஆழநீர்க் குண்டுகளை இறக்கினார்கள். பிறகு எதுவும் தென்படாததால் ராஜ்புத் தன் வழியே போய்விட்டது. சுமார் 12.15 மணிக்குக் கரையில் இருந்தவர்களுக்குப் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. கட்டடங்களின் கண்ணாடிகள் அதிர்ந்து உடைந்தன. காலையில் எண்ணெய்ப் படலத்தையும் மிதக்கும் பொருள்களையும் பார்த்த மீனவர்கள் கடற்படைக்குத் தகவல் சொன்னார்கள். முக்குளிப்பாளர்கள் இறங்கி, அது காஸிதான் என்று உறுதி செய்தார்கள். உள்ளே நின்றுபோயிருந்த ஒரு கடிகாரம் வெடிச்சத்தம் கேட்ட நேரத்தையே காட்டியதாகக் கிருஷ்ணன் எழுதியிருக்கிறார். நேரம் இவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போவதைத் தற்செயல் என்று தள்ளுவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

இதற்கு எதிராக எழும் வலுவான சாட்சியம் இந்தியத் தரப்பிலிருந்தே வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது கிழக்கு இராணுவப் பிரிவில் இருந்த ஜேக்கப், மூன்றாம் தேதி காலையிலேயே, அதாவது போர் தொடங்கும் முன்பே, நீர்மூழ்கியின் சிதைவுகளை மீனவர்கள் கண்டதாகக் கிருஷ்ணன் தம்மிடம் தொலைபேசியில் சொன்னார் என்று பின்னாளில் எழுதினார். அது உண்மையானால் மூன்றாம் தேதி நள்ளிரவில் ராஜ்புத் குண்டு போட்டதற்கும் காஸிக்கும் தொடர்பே இருக்க முடியாது. கிழக்குக் கடற்படையில் இருந்த காஸி தொடர்பான ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டதாக 2010-இல் செய்தி வெளியானபோது, இந்த முரண்பாட்டைத் தீர்க்கும் வழியும் குறுகிவிட்டது. ராஜ்புத் தலைவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. அரசுத் தரப்புக் கணக்கு இன்றும் ராஜ்புத்தின் பக்கம்தான் நிற்கிறது. பாகிஸ்தான் தரப்போ தன் சொந்தக் கண்ணியிலோ உள்வெடிப்பிலோ அழிந்தது என்று சொல்கிறது. எதிரியிடம் தோற்றேன் என்பதைவிடத் தன் பொருளாலேயே போனேன் என்று ஒரு கடற்படை சொல்வது விந்தைதான். இருந்தாலும் அதற்காகவே அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

அலைவாய்க்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. பழைய டீசல் ஐயா சொன்ன பேட்டரிக் கணக்கைப் படித்த பிறகு, குர்சுராவில் தரைப்பலகைக்குக் கீழே பேட்டரி இருக்கிறது என்று சொன்னபோது நான் கவனிக்காமல் நகர்ந்துவிட்டது உறுத்துகிறது. நங்கூரம் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். பழைய கப்பலைக் குத்தகைக்கு எடுத்ததுதான் பாகிஸ்தானின் தவறு என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். நம் பக்கம் எல்லாமே புதிதாகவா இருந்தது?

பதில்: நங்கூரம்

இல்லவே இல்லை. உங்கள் நண்பர் அன்றிரவு அந்தக் கடலில் இருந்த கப்பல்களின் பிறப்புச் சான்றிதழை வரிசையாகப் பார்க்கட்டும். ராஜ்புத் என்பது 1942-இல் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கட்டப்பட்ட ராதர்ஹாம். உலகப் போர் முடியும் வரை உழைத்துவிட்டு 1949-இல் நம்மிடம் வந்தது. காஸியைவிடவே அதற்கு வயது அதிகம். அது விக்ராந்த் வேடம் போட்டது அல்லவா, அந்த விக்ராந்தும் ஹெர்குலிஸ் என்ற பெயரில் பிரிட்டன் 1945-இல் நீரில் இறக்கிப் பாதியில் நிறுத்திவிட்ட உடல்தான். அதை 1957-இல் நாம் வாங்கி, பெல்பாஸ்ட்டில் முடித்து, 1961-இல் பணியில் சேர்த்தோம். ஆக வேட்டையாட வந்ததும், இரையாகக் குறிக்கப்பட்டதும், இரையின் வேடமிட்டதும் எல்லாமே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வேறு நாடுகளுக்காகத் தொடங்கப்பட்டவை.

வேறுபாடு பழைமையில் இல்லை. பழைமையை எங்கே வைத்துச் சமாளித்தார்கள் என்பதில் இருக்கிறது. விக்ராந்தின் கொதிகலன் விரிசலைச் சொந்தத் துறைமுகத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. அதன் வேகக் குறைவுக்கு ஏற்பத் திட்டத்தை மாற்றவும் முடிந்தது. ராஜ்புத் அன்றிரவு துறைமுக வாயிலுக்கு வெளியே சில மைலில் வேலை செய்தது. காஸிக்கோ அருகில் எந்தத் துறைமுகமும் இல்லை. நவம்பர் 26-ஆம் தேதி காவல் பகுதியை அடைந்ததாக அது செய்தி அனுப்ப வேண்டும் என்பது திட்டம். அந்தச் செய்தி கராச்சிக்கு வரவே இல்லை. உள்ளே என்ன பழுது இருந்தது என்பதை வெளியே யாரிடமும் சொல்ல வழியில்லாத நிலை அது.

கைமாறிய நீர்மூழ்கியைச் சொந்த வீட்டுக்குக் கொண்டு வரும் வழியிலேயே இழந்த நாடும் உண்டு. பிரிட்டனின் டோட்டம் என்ற நீர்மூழ்கியை இஸ்ரேல் வாங்கி டக்கார் என்று பெயரிட்டது. 1968 ஜனவரி 9-ஆம் தேதி இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் புறப்பட்ட அது, மத்தியதரைக் கடலில் 69 பேருடன் காணாமற்போனது. எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்க 1999 மே வரை ஆயிற்று. அங்கே எதிரி எவருமே இல்லை.

பதில்: பழைய டீசல்

நங்கூரம் ஐயா பிரம்மபுத்ராவை மறந்துவிட்டார். 1965-இல் காஸி மூழ்கடித்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அதே கப்பல், 1971 டிசம்பரில் விக்ராந்துக்குப் பாதுகாப்பாக வங்காள விரிகுடாவில் சென்றது. அதனோடு பியாஸ், கமோர்ட்டா, கவரத்தி ஆகிய போர்க்கப்பல்களும் சென்றன. காக்ஸ் பஜார், சிட்டகாங் மீது விக்ராந்தின் விமானங்கள் குண்டு வீசத் தொடங்கிய நாளில், காஸி விசாகப்பட்டினத்துக்கு எதிரே கடலடியில் கிடந்தது. மூழ்கிய செய்தி வெளியே அறிவிக்கப்பட்டது டிசம்பர் 9-இல்தான்.

2024 பிப்ரவரியில் இந்தியக் கடற்படையின் ஆழ்கடல் மீட்புக் கலம் அந்தச் சிதைவை மீண்டும் படம்பிடித்துக் காட்டியது. உள்ளே இருப்பவர்களின் பொருட்டு அதைத் தொடுவதில்லை என்று கடற்படை முடிவு செய்திருக்கிறது. எனவே முன் பேட்டரி அறையைத் திறந்து பார்த்து என் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள எனக்கு வழியில்லை; அதைத் திறக்கக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பும் இல்லை.